மரக்கணக்கும் மைல்கணக்கும்
உழைப்பாளியின் உடலை அளந்த வரலாறு

அளவைகள் பல மனித உடலிலிருந்தே பிறந்தன. விரல், சாண், முழம், அடி என்னும் பெயர்களே இதற்குச் சான்று. குரல் எட்டும் தொலைவைக் ‘கூப்பிடு தூரம்’ என்றனர் தமிழர். உடலைக் கோலாகக் கொண்டு நிலத்தையும் நெல்லையும் துணியையும் அளந்த மனிதன், அந்த உடலையே அளந்து பார்க்கத் தலைப்பட்டது மிகப் பிற்காலத்தில்தான். அதிலும் உழைப்பாளியின் உடல் எவ்வளவு அசைகிறது, எவ்வளவு அசையாதிருக்கிறது, அதனால் அவன் வாழ்நாள் கூடுகிறதா குறைகிறதா என்னும் கேள்வி எழுந்து நூறாண்டுகூட ஆகவில்லை.

இன்று லோரி ஓட்டுநரின் தொடையிலோ மணிக்கட்டிலோ சிறியதோர் உணர்கருவியைப் பொருத்தி, அவர் நாள் முழுதும் எத்தனை நாழி அமர்ந்திருந்தார், எத்தனை அடி நடந்தார் என்று கணக்கெடுக்கின்றனர். இதைப் புதுமை என்று வியந்து விட்டுவிடுவது எளிது. ஆயின் கெடா மாநிலத் தமிழர்க்கு இச்செய்தி வெறும் விந்தையன்று. பால்மரக் காட்டில் நடந்து பிழைத்த ஒரு சமூகம், இரண்டு தலைமுறைக்குள் வண்டியின் இருக்கையில் அமர்ந்து பிழைக்கும் சமூகமாக மாறியிருக்கிறது. அந்த மாற்றத்தை அளந்து பார்த்தவர் யார்? எதற்காக அளந்தனர்? இவ்விரு வினாக்களையும் கொண்டு வரலாற்றை நோக்குதல் பயன் தரும்.

அடி எண்ணும் கலை

நடந்த அடிகளை எண்ணித் தொலைவை அறிவது பழைய வழக்கம். ‘மைல்’ என்னும் சொல்லே இலத்தீன் மொழியில் ‘ஆயிரம்’ என்னும் பொருளுடையது. உரோமப் படைவீரன் இடக்கால் வைத்து மீண்டும் இடக்கால் வைக்கும் வரையுள்ள இரட்டை அடி ஆயிரம் சேர்ந்தால் ஒரு மைல். பதினைந்தாம் நூற்றாண்டில் தோன்றிய இத்தாலிய மேதை லியனார்டோ டா வின்சி, தொலைவை அளக்கும் கருவிகளுக்கு வரைபடம் எழுதி வைத்தார்.

இந்தியாவில் இக்கலை வியப்பான முறையில் பயன்பட்டது. குமாவூன் மலைநாட்டு ஆசிரியரான நயின் சிங் என்பவர், இந்திய நில அளவைத் துறையால் பயிற்றப்பெற்று, 1865ஆம் ஆண்டு புறப்பட்டு 1866 ஜனவரியில் திபெத்தின் தலைநகரான இலாசாவை அடைந்தார். அந்நியர் புக முடியாத நாடு அது. யாத்திரிகர் வேடம் பூண்டு சென்ற அவர் கையில் ஒரு செபமாலை இருந்தது. வழக்கமான 108 மணிக்கு மாறாக அதில் 100 மணிகளே இருந்தன. நூறு அடி நடந்ததும் ஒரு மணியைத் தள்ளுவார். இவ்வாறு ஒரே அளவான அடி வைத்துப் பல நூறு மைல்களை எண்ணி முடித்தார். 1877இல் இலண்டன் அரச புவியியல் கழகம் அவருக்குத் தங்கப் பதக்கம் அளித்தது.

இங்கே கருதற்குரியது ஒன்றுண்டு. நயின் சிங்கின் கால்கள் அளந்தது நிலத்தை. அந்தக் கால்கள் எவ்வளவு களைத்தன, அந்த உடல் எவ்வளவு உணவை எரித்தது என்று எவரும் கேட்கவில்லை. உழைப்பவன் அளவுகோலாக இருந்தானேயன்றி, அளக்கப்படும் பொருளாக இல்லை.

தோட்டத்தின் அளவைகள்

1909ஆம் ஆண்டு ஆங்கில-சயாம் உடன்படிக்கையால் கெடா சயாமின் மேலாண்மையிலிருந்து ஆங்கிலேயர் ஆதிக்கத்திற்கு மாறியது. 1915இல் இரயில் பாதை அலோர் ஸ்டார் நகரை எட்டியது. கூலிம், பாடாங் செராய், சுங்கை பட்டாணி, பீடோங், கோல கெட்டில் வட்டாரங்களில் காடுகள் அழிந்து ரப்பர்த் தோட்டங்கள் விரிந்தன. சோழர் காலத்துக் கடாரம் என்று தமிழர் பெருமையோடு நினைவுகூரும் மண்ணில், கங்காணிமார் அழைத்து வந்த தமிழ்நாட்டு உழவர்கள் லயங்களில் குடியேறினர்.

தோட்டம் என்பது அளவையால் ஆளப்படும் உலகம். விடியுமுன் பெரட்டுக் களத்தில் ஆள் எண்ணப்படும். தீம்பாருக்குள் ஒவ்வொருவருக்கும் இத்தனை மரம் என்று நிரை பிரித்துக் கொடுக்கப்படும். வெட்டின் ஆழமும், பட்டை எவ்வளவு சீவப்பட்டது என்பதும் சோதிக்கப்படும். ஸ்டோரில் பால் நிறுக்கப்படும். பாலில் நீர் கலந்துள்ளதா, உலர் ரப்பர் எத்தனை பங்கு என்பதை அறிய மெட்ரோலாக் என்னும் மிதவைக்கருவியைப் பாலில் இறக்கிப் பார்ப்பர். ஒட்டுப்பாலும் தனியே எடை போடப்படும். கிராணியின் ஏட்டில் மரத்துக்குக் கணக்குண்டு, பாலுக்குக் கணக்குண்டு, ஆள் வந்ததா வரவில்லையா என்பதற்கும் கணக்குண்டு. ஆயின் அந்த ஆள் எவ்வளவு நடந்தார் என்பதற்கு அவ்வேட்டில் பத்தி கிடையாது.

அக்கணக்கை இன்று மனக்கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். ஒருவருக்கு 500 மரங்கள் என்றும், மரத்துக்கு மரம் 4 மீட்டர் இடைவெளி என்றும் வைத்துக் கொள்வோம். ஒருமுறை சுற்றி வந்தால் 2,000 மீட்டர். பால் வெட்ட ஒரு சுற்று, மங்கிலிருந்து பால் எடுக்க மறு சுற்று என இரண்டு சுற்றுக்கு 4 கிலோமீட்டர். மேடு பள்ளத்தில் ஓரடிக்கு 60 சென்டிமீட்டர் என்று கொண்டால் ஏறத்தாழ 6,700 அடிகள். லயத்திலிருந்து தீம்பாருக்கும், தீம்பாரிலிருந்து ஸ்டோருக்கும் நடந்த நடை இதில் சேரவில்லை. ஐந்நூறு முறை குனிந்து நிமிர்ந்ததும், நிறைந்த பால் வாளியைத் தூக்கிச் சுமந்ததும் சேரவில்லை. வீட்டிற்குத் திரும்பிய பின் பெண்கள் செய்த வேலையும் சேரவில்லை. பால் வெட்டியோருள் பெண்கள் பெருந்தொகையினர் என்பதை நினைவிற் கொள்ளுதல் வேண்டும்.

தொழிலாளியின் உடலைப் பற்றிய அக்கறையே அக்காலத்தில் இல்லை என்று சொல்லிவிடவும் முடியாது. கோலாலம்பூரில் 1900இல் நிறுவப்பெற்ற மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த பிரேசர், ஸ்டாண்டன் என்னும் இரு மருத்துவர்கள், 1907ஆம் ஆண்டு தொடங்கிப் பெரிபெரி நோயின் காரணத்தை ஆராய்ந்தனர். தீட்டிய பச்சரிசி உண்ட சீனத் தொழிலாளர் அந்நோயால் மடிந்தபோது, புழுங்கலரிசி உண்ட தமிழர் பெரும்பாலும் தப்பியிருந்ததைப் பிராடன் என்னும் மருத்துவர் முன்னரே கவனித்து எழுதியிருந்தார். அதைச் சோதிக்க, சாலை போடும் சாவகத் தொழிலாளரை இரு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்குத் தீட்டிய அரிசியும் மறு குழுவுக்குப் புழுங்கலரிசியும் கொடுத்துப் பார்த்தனர். தீட்டிய அரிசி உண்டோரிடையே நோய் தோன்றிற்று. ஒரே வேலை செய்யும் இரு கூட்டத்தாரை, ஒன்றே ஒன்றில் மட்டும் வேறுபடுத்தி ஒப்புநோக்கும் முறை மலாயா மண்ணில் இவ்வாறு கையாளப்பட்டது. இம்முறையைப் பின்னால் வேறோரிடத்திலும் காண்போம்.

மலேரியாவை அறியத் தோட்டத்துப் பிள்ளைகளின் மண்ணீரல் வீக்கத்தைத் தொட்டுப் பார்த்துக் கணக்கெடுத்ததும் உண்டு. 1920களில் கூலியை உறுதிசெய்யத் தொழிலாளியின் அரிசி, பருப்பு, துணிச் செலவுகள் கணக்கிடப்பட்டன. ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்னும் விகிதங்கள் அவ்வழி வந்தவை. உலக விலை வீழ்ந்தபோது அவை குறைக்கப்பட்டன. 1936 இறுதியில் சீனிவாச சாஸ்திரியார் மலாயா வந்து இந்தியத் தொழிலாளர் நிலையை ஆராய்ந்து 1937இல் அறிக்கை அளித்தார். உடலுக்குள் செல்லும் சோறு அளக்கப்பட்டது. உடலிலிருந்து வெளிப்படும் உழைப்போ பால் எடையாக மட்டுமே ஏட்டில் பதிந்தது.

போருக்குப் பின் பீடோங் ஹார்வர்ட் தோட்டத்தில் எழுந்து கெடாத் தோட்டங்களில் பரவிய தொண்டர் படை, கள்ளுக்கடைகளை மூடவேண்டும் என்று குரல் எழுப்பியது. 1947இல் அது பெரும் போராட்டமாகி அடக்குமுறைக்கும் உள்ளானது. ஊதியப் பூசலாகவே பலர் இதைக் காண்பர். தன் உடலுக்கு எது கேடு என்பதைத் தொழிலாளி தானே எடுத்துச் சொன்ன நிகழ்ச்சியாகவும் இதைக் காணலாம்.

இலண்டன் பேருந்தில் ஒரு கேள்வி

உட்கார்ந்து செய்யும் தொழில் உடலைக் கெடுக்கும் என்று இத்தாலிய மருத்துவர் இராமசினி 1700ஆம் ஆண்டு வெளியிட்ட தொழில்நோய் நூலிலேயே எழுதியுள்ளார். ஆயின் அதை எண்ணிக்கையால் நிறுவிக் காட்டியவர் ஜெர்ரி மோரிஸ் என்னும் ஆங்கில மருத்துவர். 1910இல் பிறந்து 2009இல் மறைந்த இவர், நூறாண்டை நெருங்கி வாழ்ந்தவர்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் மாரடைப்பு பெருகுவதன் காரணத்தைத் தேடிய மோரிஸ், இலண்டனின் இரட்டைமாடிப் பேருந்துகளை நோக்கினார். ஓட்டுநரும் நடத்துநரும் ஒரே நிறுவனத்தார், ஒரே வகுப்பினர், ஒரே வண்டியில் செல்வோர். வேறுபாடு ஒன்றே. ஓட்டுநர் பணிநேரத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு அமர்ந்திருப்பார். நடத்துநரோ நாளொன்றுக்கு ஏறத்தாழ 600 படிகள் ஏறி இறங்குவார். அக்காலத்தில் உணர்கருவி ஏது? ஆய்வாளர்கள் பேருந்திலேயே பயணம் செய்து படிகளைக் கண்ணால் பார்த்து எண்ணினர். 35 முதல் 64 வயது வரையுள்ள ஏறத்தாழ 31,000 பேரின் நோய்ப் பதிவுகளை ஆராய்ந்து 1953 நவம்பரில் ‘லான்செட்’ இதழில் முடிவை வெளியிட்டனர். நடத்துநர்க்கு மாரடைப்பு குறைவாக இருந்தது. வந்தாலும் பிந்திய வயதில் வந்தது, கடுமையும் குறைவாயிருந்தது. அஞ்சல்காரரையும் அலுவலக எழுத்தரையும் ஒப்பிட்டபோதும் இத்தகைய வேறுபாடே தென்பட்டது.

மோரிஸ் அத்தோடு நின்றுவிடவில்லை. பருமனானவர்களே முதலிலிருந்து ஓட்டுநர் வேலையைத் தேர்ந்துகொள்கின்றனரோ என்னும் ஐயம் எழுந்தது. அதை அறிய அவர் நாடியது நிறுவனத்தின் சீருடைக் கணக்கை. ஓட்டுநர்க்கு வழங்கிய காற்சட்டைகளின் இடுப்பளவு, இளவயதினரிடையேகூட, நடத்துநர் அளவைவிடப் பெரிதாக இருந்தது. 1956இல் இதையும் மறையாது வெளியிட்டார். தம் கருத்துக்கு இடையூறாகக்கூடிய சான்றையும் தாமே தேடி எடுத்து அவைமுன் வைக்கும் நேர்மை ஆராய்ச்சியாளர்க்கு அணி. பின்வந்த ஆய்வுகள் உடலியக்கத்தின் நன்மையை வலுவாகவே நிறுவின.

தோட்டத்திலிருந்து சாலைக்கு

இலண்டனில் இக்கேள்வி எழுந்த அதே 1950களில், கெடாவில் தோட்டத் துண்டாடல் தொடங்கியிருந்தது. பெரிய தோட்டங்கள் சிறு சிறு துண்டுகளாக விற்கப்பட்டன. எஞ்சியவற்றில் பல பின்னர் ரப்பரை விட்டுச் செம்பனைக்கு மாறின. வேறு பல வீடமைப்புத் திட்டங்களாயின. 1972இல் பினாங்கின் பாயான் லெப்பாசில் ஏற்றுமதித் தொழிற்பேட்டை பிறந்தது. 1996இல் கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்கா திறக்கப்பட்டது. 1994 செப்டம்பரில் புக்கிட் காயு ஈத்தாம் முதல் ஜொகூர் பாரு வரை 772 கிலோமீட்டர் நீளமுள்ள வடக்கு-தெற்கு நெடுஞ்சாலை முழுமை பெற்றது.

லயத்தை விட்டு வந்த குடும்பங்கள் சுங்கை பட்டாணி, கூலிம், பாடாங் செராய் ஆகிய ஊர்களின் தாமான்களில் குடியேறின. பிள்ளைகள் ஆலைக்குச் சென்றனர், அலுவலகத்துக்குச் சென்றனர், பலர் வண்டியோட்டச் சென்றனர். பால் ஏற்றும் தொட்டி லோரி, செம்பனைக் குலை லோரி, ஆலைப் பேருந்து, மண் லோரி, துறைமுகப் பெட்டி லோரி என வண்டிகள் பலவகை. தந்தை நடந்து பிழைத்தார். மகன் அமர்ந்து பிழைக்கிறார். ஊதியம் உயர்ந்தது, வெயிலும் கொசுவும் அட்டையும் குறைந்தன. இவையெல்லாம் நன்மைகளே. ஆயின் உடல் மட்டும் புதுக் கணக்கொன்றை எழுதத் தொடங்கியது.

2019ஆம் ஆண்டுத் தேசிய உடல்நல ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களுள் 18.3 விழுக்காட்டினர்க்கு நீரிழிவு இருந்தது. இந்தியரிடையே அது 31.4 விழுக்காடு, மூவருள் ஏறத்தாழ ஒருவர். பெரியவர்களுள் நால்வரில் ஒருவர் போதிய உடலியக்கம் இல்லாதவர். 2023ஆம் ஆண்டு ஆய்வில் நாட்டின் நீரிழிவு அளவு 15.6 விழுக்காடாகப் பதிவாயிற்று. இத்தகைய ஆய்வுகளில் உடலியக்கம் பெரும்பாலும் வினாத்தாளால் அறியப்படுகிறது. ‘சென்ற வாரம் எத்தனை மணி நேரம் நடந்தீர்கள்?’ என்று கேட்டால், மனிதர் நினைவிலிருந்து சொல்வர். நடந்ததைக் கூட்டியும் அமர்ந்ததைக் குறைத்தும் சொல்வது மனித இயல்பு. நினைவை நம்பாமல் உடலையே கேட்பதற்குத்தான் கருவி வேண்டியதாயிற்று.

உணர்கருவியின் பிறப்பு

1965ஆம் ஆண்டு ஜப்பானில் யாமாசா என்னும் நிறுவனம் இடுப்பில் அணியும் நடைமானி ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ‘பத்தாயிரம் அடி மானி’ என்பது அதன் பெயரின் பொருள். 1964 தோக்கியோ ஒலிம்பிக் பந்தயங்கள் எழுப்பிய ஆர்வத்தில் நடைக் கழகங்கள் அதை ஏற்றுப் பரப்பின. நாளுக்குப் பத்தாயிரம் அடி என்று இன்று உலகமே ஓதும் எண் இவ்வாறு ஒரு விற்பனைப் பெயரிலிருந்து வந்ததேயன்றி, மருத்துவ ஆராய்ச்சியிலிருந்து வந்ததன்று. 2019இல் அமெரிக்காவில் முதிய பெண்கள் 16,741 பேரை ஆராய்ந்தபோது, நாளுக்கு 4,400 அடி நடந்தோர்க்கே இறப்பு விகிதம் குறைந்திருந்தது. 7,500 அடிக்கு மேல் அந்த நன்மை கூடவில்லை.

பழைய நடைமானிக்குள் இருந்தது ஒரு சிறு நெம்புகோல். இடுப்பு குலுங்கும்போது அது மேலும் கீழும் ஆடி ஒன்று, இரண்டு என எண்ணும். இன்றைய கருவிக்குள் இருப்பது முடுக்கமானி. பொருளின் வேகம் எவ்வளவு விரைவாக மாறுகிறது என்பதை அது அளக்கிறது. இதன் கதையில் ஒரு வேடிக்கை உண்டு. மணல்மணி போன்ற சிலிக்கான் சில்லில் முடுக்கமானியைச் செதுக்கி மலிவாக விற்கும் தொழில், 1990களின் தொடக்கத்தில் மோட்டார் வண்டியின் காற்றுப்பைக்காகவே வளர்ந்தது. வண்டி மோதும் கணத்தில் ஏற்படும் திடீர் அதிர்ச்சியை உணர்ந்து காற்றுப்பையை விரிக்கச் செய்வது அதன் வேலை. வண்டிக்காகப் பிறந்த சில்லு பின்னர்க் கைப்பேசிக்குள் புகுந்தது, மணிக்கட்டுக்கு வந்தது, இறுதியில் வண்டி ஓட்டுபவரின் உடலுக்கே வந்து சேர்ந்தது.

அசைவின்றி இருக்கும்போதும் முடுக்கமானி புவியின் ஈர்ப்பை உணர்ந்துகொண்டே இருக்கும். ஆதலால் கருவி எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதும் தெரிந்துவிடும். தொடையின்மேல் ஒட்டிய கருவிக்கு இது பேருதவி. அமர்ந்தால் தொடை கிடையாகும், நின்றால் நிமிரும், நடந்தால் ஊசலாடும். ஆகவே அமர்தல், நிற்றல், நடத்தல் மூன்றையும் அது பிரித்தறிகிறது. மணிக்கட்டுக் கருவிக்கு இத்தெளிவு இல்லை. நின்றாலும் அமர்ந்தாலும் கை ஒரே நிலையில் இருக்கக்கூடும்.

லோரி ஓட்டுநரிடம் இக்கருவி தடுமாறும் இடம் ஒன்றுண்டு. நடையின் தாளம் நொடிக்கு ஏறத்தாழ இரண்டு முறை. ஓடும் வண்டியின் இருக்கையும் அதிர்ந்துகொண்டே இருக்கிறது. நெடுஞ்சாலையில் அதிர்வு நுட்பமானது. கருவி அதை எளிதில் விலக்கிவிடும். தோட்டத்துச் செம்மண் பாதையில், குழியும் மேடுமாகக் குலுங்கும் பால் லோரியில், இடுப்பிலோ கையிலோ உள்ள கருவி அக்குலுக்கலையும் நடையென்று எண்ணிவிடக்கூடும். சுக்கானைத் திருப்பும் கையசைவும் அவ்வாறே. ஓரடியும் நடக்காத ஓட்டுநர்க்கு ஆயிரம் அடி நடந்ததாகப் பொய்க்கணக்கு எழுந்தால், அக்கணக்கைக் கொண்டு அவர்க்கு நலம் சொல்லும் மருத்துவர் ஏமாறுவார். ஆதலின் ஓட்டுநர் ஆய்வில் கருவியைத் தொடையில் பொருத்துவதே ஏற்றது; வண்டி ஓடிய நேரத்தைத் தனியே குறித்துப் பொருத்திப் பார்ப்பதும் வேண்டும்.

கருவி கண்டு சொன்னது

இங்கிலாந்தில் இலஃப்பரோ பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் இம்முறையால் கனரக வண்டி ஓட்டுநர்களை ஆராய்ந்து 2017இல் முடிவை வெளியிட்டனர். வேலை நாளில் ஓட்டுநர் ஏறத்தாழ 13 மணி நேரம் அமர்ந்திருந்தார். ஓய்வு நாளில் 8 மணி நேரம். உறக்கம் இக்கணக்கில் சேரவில்லை. விழித்திருக்கும் நேரத்தின் பெரும்பகுதி இருக்கையிலேயே கழிந்தது என்பதே இதன் பொருள்.

பின்னர் அதே குழுவினர் 25 பணிமனைகளைச் சேர்ந்த 382 ஓட்டுநர்களைக் கொண்டு ஒரு சோதனை நடத்தி, 2022இல் வெளியிட்டனர். ஒரு பிரிவினர்க்கு உடல்நலப் பயிற்சியும், அடி எண்ணும் கருவியும், வண்டியறையிலேயே செய்யத்தக்க பயிற்சிமுறையும் வழங்கினர். மற்றவர் வழக்கம்போல் இருந்தனர். ஆறு மாதம் கழித்துப் பார்க்கையில், பயிற்சி பெற்றோர் மற்றவரைவிட நாளுக்கு ஏறத்தாழ 1,000 அடி கூடுதலாக நடந்தனர். ஆயின் ஓராண்டுக்கும் மேலான பின்னர்ச் சோதித்தபோது அந்த வேறுபாடு மறைந்திருந்தது. கருவி வழி காட்டும். தொடர்ந்து நடக்க வைப்பது கருவியால் மட்டும் ஆகாது. பணி அட்டவணையும், வண்டி நிறுத்த இடமும், ஓய்வு நேரமும் மாறாதவரை, ஓட்டுநரின் மனவுறுதியை மட்டும் நம்புவது வீண் என்பதே இதனால் பெறப்படும் பாடம்.

கெடாவில் இத்தகைய ஆய்வு செய்வார்க்கு இலண்டன் பேருந்தைப் போன்றதோர் இயற்கையான ஒப்பீடு காத்திருக்கிறது. லோரியில் ஓட்டுநரோடு கிளிண்டான் எனப்படும் உதவியாளும் செல்கிறார். இருவரும் ஒரே வண்டியில் செல்வர். ஒரே கடையில் உண்பர். ஒருவர் அமர்ந்து ஓட்டுகிறார். மற்றவர் ஏறி இறங்கிச் சரக்கைத் தூக்குகிறார், கித்தானைக் கட்டுகிறார். பெரிபெரி ஆய்வில் அரிசி எவ்வாறோ, இலண்டனில் படி எவ்வாறோ, அவ்வாறே இங்கு இருக்கை. இருவர் தொடையிலும் ஒரு வாரம் கருவி இருந்தால் வேறுபாடு வெளிப்படும்.

உழைப்பு வேறு, உடற்பயிற்சி வேறு

இவ்விடத்தில் ஒரு தவறான முடிவுக்குத் தாவிவிடக் கூடாது. பால் வெட்டியவர் நடந்தார், ஆதலால் நலமாக வாழ்ந்தார். மகன் அமர்ந்தான், ஆதலால் கெட்டான் என்று தோட்ட வாழ்வைப் பொற்காலமாக்குவது வரலாறு ஆகாது. அந்நடை விரும்பி நடந்த நடையன்று. பல ஆய்வுகளைத் தொகுத்து 2018இல் வெளிவந்த ஆராய்ச்சி ஒன்று, வேலையில் கடும் உடலுழைப்புச் செய்யும் ஆண்களுக்கு, உழைப்புக் குறைந்த வேலை செய்வோரைவிட இறப்பு அபாயம் 18 விழுக்காடு மிகுதி என்று கண்டது. ஓய்வு நேரத்தில் விரும்பி நடக்கும் நடை இதயத்துக்கு வலிமை தர, ஓய்வின்றித் தூக்கிச் சுமக்கும் வேலை அதே இதயத்தைத் தேய்க்கிறது. தன் விருப்பப்படி நிற்கவும் இளைப்பாறவும் முடியுமா என்பதே வேறுபாட்டுக்குக் காரணம் என்று ஆராய்ச்சியாளர் பலர் கருதுகின்றனர். ஏழையர் உடலில் வறுமையும் புகையும் குறைந்த மருத்துவமும் சேர்ந்தே வேலை செய்வதால், காரணங்களைப் பிரித்தறிவது எளிதன்று என்பாரும் உளர்.

ஆகவே ‘எத்தனை அடி’ என்னும் எண்ணோடு ‘யார் விருப்பப்படி’ என்னும் கேள்வியும் சேரவேண்டும். பால் வெட்டியவரின் 6,700 அடியும், மாலையில் தாமான் பூங்காவில் நடப்பவரின் 6,700 அடியும் கருவிக்கு ஒன்றே, உடலுக்கு ஒன்றல்ல.

அளவை யாருடையது?

இனி, வண்டியின் அளவைகளை நோக்குவோம். ஐரோப்பாவில் 1970இல் இயற்றிய விதி, ஓட்டிய நேரத்தையும் வேகத்தையும் வட்டத் தாளில் கீறிக் காட்டும் டேக்கோகிராஃப் என்னும் பதிகருவியைச் சரக்கு வண்டிகளுக்குக் கட்டாயமாக்கியது. இன்று ஜி.பி.எஸ். கருவி லோரியின் ஒவ்வொரு திருப்பத்தையும் முதலாளியின் மேசைக்கு அனுப்புகிறது. 2025 மே மாதம் தெலுக் இந்தானில் கல் ஏற்றிய லோரி மோதிக் கலகத் தடுப்புப் போலீசார் ஒன்பது பேர் மாண்டனர். அடுத்த மாதம் கிரிக் அருகே பேருந்து கவிழ்ந்து சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழக மாணவர் பதினைவர் மாண்டனர். அதே ஆண்டு அக்டோபர் முதல் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி கனரக வண்டிகளுக்குப் படிப்படியாகக் கட்டாயமாக்கப்பட்டது. இது வேண்டிய நடவடிக்கையே. ஆயின் இவையனைத்தும் வண்டியை அளப்பவை. வண்டியை ஓட்டும் மனிதர் எத்தனை மணி நேரமாக அமர்ந்திருக்கிறார், எப்போது இறங்கி நடந்தார், எவ்வளவு உறங்கினார் என்பது இக்கணக்குகளில் இல்லை. தோட்டத்து ஏட்டில் மரத்துக்குப் பத்தி இருந்து ஆளின் உடலுக்குப் பத்தி இல்லாதிருந்த நிலையே, மரத்தின் இடத்தில் மைல் வந்ததன்றி, இன்றும் தொடர்கிறது.

அந்த வெற்றுப் பத்தியை நிரப்பத்தக்கது உடலில் அணியும் உணர்கருவி. ஆயின் அதை நிரப்புவது யார் கை என்பதில்தான் நன்மையும் தீமையும் அடங்கியுள்ளன. அக்கணக்கு ஓட்டுநர் கையிலும் அவர் நம்பும் மருத்துவர் கையிலும் இருந்தால் அது மருந்து. முதலாளியின் கைக்குப் போய், ‘உன் எடை கூடிவிட்டது, உன் இதயம் சரியில்லை’ என்று வேலையைவிட்டு நீக்கும் ஓலையாக மாறினால், அது பழைய பெரட்டுக் களத்தின் புதிய வடிவம். நாட்டின் 2010ஆம் ஆண்டுத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவரின் உடல்நலச் செய்தியை நுண்மையான தரவு என்று வகுத்து, அதைக் கையாள அவருடைய வெளிப்படையான இசைவு வேண்டும் என்கிறது. இதை ஓட்டுநர்கள் அறிந்திருத்தல் வேண்டும். இசைவுத் தாளில் கையெழுத்திடுமுன் மூன்று கேள்விகளையாவது கேட்க அவர்கள் பழகவேண்டும்: இக்கணக்கை யார் பார்ப்பார்? எவ்வளவு காலம் வைத்திருப்பார்? வேண்டாம் என்றால் என் வேலைக்கு ஊறு வருமா?

குனோங் ஜெராய் மலையடிவாரத்தில், பீடோங்கில், 2001இல் தொடங்கப்பெற்ற எய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் மருத்துவக் கல்வி அளித்து வருகிறது. ஒருகாலத்தில் பால்மரங்கள் நிறைந்திருந்த அவ்வட்டாரத்தின் சாலைகளில் இன்று லோரிகள் ஓயாது செல்கின்றன. ஓட்டுநரும் கிளிண்டானும் விரும்பி முன்வர, அவர்கள் இசைவோடும் அவர்கள் நலத்துக்காகவும் இத்தகைய அளவீட்டை நடத்துவதற்கு இதைவிடப் பொருத்தமான இடம் அரிது.

தமிழாசிரியர்க்கும் இதில் பங்குண்டு. தோட்டத்திலிருந்து நகர்ப்புறத்துக்கு இடம்பெயர்ந்த தமிழ்ப்பள்ளிகள் பலவற்றில் ஓட்டுநர்களின் பிள்ளைகள் பயில்கின்றனர். அடி, சாண், முழம் என்னும் சொற்களைக் கற்பிக்கும் பாடத்திலேயே, மாணவர் தம் ஓரடியின் நீளத்தை அளக்கலாம். வீட்டிலிருந்து பள்ளிவரை எத்தனை அடி என்று எண்ணலாம். பாட்டி நடந்த நிரையின் நீளத்தைக் கேட்டறிந்து பெருக்கிப் பார்க்கலாம். தந்தை நாளில் எத்தனை மணி நேரம் அமர்ந்திருக்கிறார் என்று அவரிடமே கேட்டு எழுதலாம். மூன்று தலைமுறையின் கணக்கு ஒரே தாளில் வந்து நிற்கும். கிராணியின் ஏட்டில் ஏறாத அக்கணக்கை எழுதிவைப்பது அத்தொழிலாளரின் வழித்தோன்றல்களுக்கு உரிய கடமையாகும்.